மறந்த மையவாடியும் நம் கடமையும்

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் ரயிலில் ஏறி அமர்ந்தால் சிறிது நேரத்திலேயே திருப்பரங்குன்றம் மலை கண்ணில் படும். அடிவாரத்தில் முருகன் கோயில். உச்சியில் ஹஜ்ரத் சுல்தான் சிக்கந்தர் பாதுஷா ஷஹீது வலியுல்லாஹ் அவர்களின் தர்கா ஷரீஃபும் பள்ளிவாசலும். 1335-ல் தொடங்கி 1378 அளவில் முடிந்த மதுரை சுல்தான்களின் ஆட்சியில் கடைசியாக இருந்தவர்களே இங்கு அடங்கியிருக்கிறார்கள் என்பது இப்பகுதி முஸ்லிம்கள் வழிவழியாகச் சொல்லி வரும் வரலாறு. ஆறு நூற்றாண்டுகள் கடந்தும் அந்தக் கபுரு எங்கே என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. மலையைச் சுட்டினால் போதும்.

ஆனால் நாம் இங்கு எழுத வந்தது மலைமேல் உள்ள கபுரைப் பற்றியன்று. மலைக்குக் கீழே, கண்மாய்க் கரைகளிலும் தோப்பு ஓரங்களிலும், நம் அத்தாமார்களும் நன்னாமார்களும் நன்னிமாமார்களும் உறங்குகின்ற சின்னஞ்சிறு குடும்ப மையவாடிகளைப் பற்றி. அவர்கள் வலிமார்கள் அல்லர். உழுதவர்கள், தறி நெய்தவர்கள், தோல் வியாபாரம் செய்தவர்கள், பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். அவர்களுடைய கபுரு எங்கே என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்கு விரல் நீட்டிக் காட்டத் தெரியும்?

ஓர் அன்பர் தேடிய கபுரு

சில மாதங்களுக்கு முன் நம் அன்பர் ஒருவர் மலேசியாவிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து நன்னிமாவின் மடியில் வளர்ந்தவர். பிழைப்புக்காகக் கடல் கடந்து போன பிறகு நன்னிமா மவுத்தாகிவிட்டார்கள். ஜனாஸாவில் கலந்துகொள்ள அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. "நன்னிமாவின் கால்மாட்டில் நின்று ஒரு யாஸீன் ஓதிவிட்டு வர வேண்டும், கூட வாருங்கள்" என்று அழைத்தார். பேஷ் இமாம் ஹஜ்ரத் உட்பட நாங்கள் நான்கு பேர் புறப்பட்டோம்.

தென்கால் கண்மாய்க்கு அப்பால் அவர்களுடைய குடும்பத்து நிலம். முன்பு தோப்பாக இருந்த இடம். அதன் மூலையில் ஏழெட்டு சென்ட் அளவில் மையவாடி. போய்ப் பார்த்தபோது சீமைக் கருவை மண்டி, உள்ளே நுழைய வழியில்லை. சுற்றிலும் நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டு மஞ்சள் வண்ணம் அடித்த கற்கள் வரிசையாக ஊன்றப்பட்டிருந்தன. முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனால், மீஸான் கற்கள் சில சாய்ந்தும், சில மண்ணில் புதைந்தும் கிடந்தன. விற்பனைக்கான கற்கள் நிமிர்ந்து நின்றன. நம் பெரியவர்களின் கற்கள் படுத்துக் கிடந்தன. இந்தக் காட்சியைக் கண்டு நாங்கள் வாயடைத்து நின்றோம்.

நன்னிமாவின் கபுரு எது? அன்பருக்குத் தெரியவில்லை. உடன் வந்த உறவினர்களுக்கும் தெரியவில்லை. அப்போது பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்தார். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "கெழவிய வேப்பமரத்துக்குக் கெழக்கால வச்சாக பாய். மண்ணு அம்புட்டு இறுகலு, குழி வெட்டத் தண்ணி ஊத்துனதே நாந்தேன்" என்றார். வேப்பமரம் இப்போது இல்லை. அடிக்கட்டை மட்டும் இருந்தது. அதற்குக் கிழக்கே கல் இல்லாத இரண்டு கபுருகள் அருகருகே. இரண்டில் எது என்பது அவருக்கும் நினைவில்லை.

இரண்டுக்கும் நடுவே நின்று அன்பர் ஸலாம் சொன்னார். யாஸீன் ஓதி முடிக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை. திரும்பும் வழியில் அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இந்தப் பெரியவரும் போய்விட்டால், இங்கே நன்னிமா இருக்கிறார்கள் என்று சொல்ல இந்தத் துன்யாவில் யார் இருக்கிறார்கள்?"

நாயகம் (ஸல்) அவர்கள் வைத்த கல்

கபுருக்கு அடையாளம் வைப்பதும், குடும்பத்தாரை ஒரே இடத்தில் அடக்குவதும் வெறும் ஊர்ப் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. இதற்குக் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறையிலேயே ஆதாரம் இருக்கிறது.

ஹஜ்ரத் உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்கள் முஹாஜிரீன்களில் முதன்முதலாக ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் செய்யப்பட்டவர்கள். அவர்களை அடக்கியபின் ஒரு கல்லைக் கொண்டு வரும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரை ஏவினார்கள். அவரால் அதைத் தூக்க முடியவில்லை. உடனே நாயகம் (ஸல்) அவர்களே எழுந்து சென்று, கைகளின் துணியை மடித்து விட்டுக்கொண்டு, அந்தக் கல்லைத் தூக்கி வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கபுரை இதனால் தாம் அறிந்துகொள்ள முடியும் என்றும், தம் குடும்பத்தில் மவுத்தாகிறவர்களை இவருக்கு அருகில் அடக்கலாம் என்றும் காரணம் கூறினார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள ஹதீஸ் இது.

இந்த ஒரு நிகழ்ச்சியில் எத்தனை பாடங்கள்! கபுரு அறியப்பட வேண்டும் என்பது ஒன்று. குடும்பத்தார் அருகருகே அடங்குவது விரும்பத்தக்கது என்பது இரண்டு. அடையாளத்துக்கு ஒரு சாதாரணக் கல்லே போதும் என்பது மூன்று. அந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டு ஒதுங்கவில்லை, தம் கையாலேயே செய்தார்கள் என்பது நான்கு.

இன்னொரு நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்து வந்த ஒரு பெண்மணி மவுத்தாகிவிட்டார். ஸஹாபாக்கள் அதைப் பெரிய செய்தியாக எண்ணாமல் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தெரிவிக்காமலேயே அடக்கிவிட்டார்கள். பின்னர் விசாரித்து அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பெண்ணின் கபுரைக் காட்டும்படி கேட்டு, அங்கே சென்று தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது இருக்கிறது. பள்ளியைப் பெருக்கிய ஏழைப் பெண்ணின் கபுரையும் அன்று காட்ட முடிந்தது. நம்மை வளர்த்த தாய்மார்களின் கபுரை இன்று நம்மால் காட்ட முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் யார்?

கட்டுவதா? எழுதுவதா?

மையவாடியைப் பாதுகாக்க வேண்டும் என்றவுடன் நம்மவர்களில் வசதி உள்ளவர்கள் சிமெண்ட் மூட்டையும் பளிங்குக் கல்லும் வாங்கப் புறப்பட்டு விடுகிறார்கள். அங்கேதான் நிதானம் வேண்டும். கபுரைச் சுண்ணாம்பு பூசுவதையும், அதன்மீது உட்காருவதையும், அதன்மீது கட்டுவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹஜ்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. திர்மிதியின் அறிவிப்பில் எழுதுவதும் தடுக்கப்பட்டதாக வருகிறது.

கல்லில் பெயர் எழுதுவது பற்றி ஃபுகஹாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அடையாளம் அழிந்து கபுரு மிதிபடக்கூடும் என்ற தேவை இருந்தால் எழுதுவதில் குற்றமில்லை என்று ஹனஃபீ மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் கூறுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் எழுதுவது மக்ரூஹ் என்பதே பிரபலமான சொல். அறிந்துகொள்வதற்கு வேண்டிய அளவுக்குப் பெயரை மட்டும் எழுத இடம் கொடுத்தவர்களும் அதில் உண்டு. ஆயத்துகளை எழுதி அவை காலடியில் கிடக்கும்படி செய்வதை இரு சாராருமே வெறுக்கிறார்கள். கபுரின் உயரம் தரையிலிருந்து ஒரு சாண் அளவே சுன்னத். ஹனஃபீகளுக்கு ஒட்டகத் திமில் போலக் குவிந்திருப்பதும், ஷாஃபிஈகளுக்குத் தட்டையாக இருப்பதும் சிறப்பு.

சரி, கல்லில் எழுதுவதில்தான் இத்தனை பேச்சு. ஏட்டில் எழுதுவதை யார் தடுத்தார்கள்? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று கட்டளையிடும் ஆயத்துத்தான் குர்ஆன் ஷரீஃபிலேயே நீளமான ஆயத்து. பணத்தை மறந்துவிடக் கூடாது என்பதற்கு இத்தனை கவனம் என்றால், மனிதர்களை மறந்துவிடாமலிருக்க ஒரு நோட்டுப் புத்தகம் போடுவதில் நமக்கு என்ன தயக்கம்?

எழுத்தின் ஆயுளுக்கு இந்தத் திருப்பரங்குன்றம் மலையே சாட்சி. இதன் குகைகளில் சமணத் துறவிகளுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் எழுத்தில், எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் போலாலையன் என்று ஒரு சாதாரணக் குடும்பஸ்தரின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அவர் ஆண்ட அரசர் அல்லர். எழுதி வைத்ததால் பெயர் நின்றது. எழுதாததால் நம் நன்னிமாமார்கள் ஒரு தலைமுறையிலேயே மறைகிறார்கள்.

ஆகவே நம் முடிவு இதுதான்: கபுரு எளிமையாக இருக்கட்டும், குறிப்பேடு விரிவாக இருக்கட்டும்.

யார் சொன்னது?

குறிப்பேடு எழுதுவதில் முதல் நிபந்தனை உண்மை. நம் முஹத்திஸீன்கள் ஒரு செய்தியை எழுதும்முன் அதை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நினைவாற்றல் எப்படிப்பட்டது என்று பார்த்தார்கள். அந்த இஸ்னாது முறையின் வாரிசுகள் நாம். மையவாடிக் கணக்கிலும் அதையே கையாள வேண்டும்.

நாங்கள் அந்த மையவாடிக்கு மூன்று படிகள் வைத்துக்கொண்டோம். கல்லில் எழுத்து இருந்து படிக்க முடிந்தால் முதல் படி. ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமல் இரண்டு பேர் ஒரே செய்தியைச் சொன்னால் இரண்டாம் படி. ஒருவர் மட்டும் சொன்னாலோ, சொன்னவர்கள் ஐயத்தோடு சொன்னாலோ மூன்றாம் படி. யாருக்கும் தெரியாவிட்டால் 'பெயர் தெரியாத முஸ்லிம்' என்று எழுதினோம். அந்த வரியை எழுதும்போது மனம் கனத்தது. ஆனால் தெரியாத கபுருக்கு ஊகத்தில் ஒரு பெயரைச் சூட்டுவது பொய். அது ஒருவருடைய பேரப்பிள்ளையை வேறொருவருடைய கபுரில் கொண்டுபோய் நிறுத்தும்.

பெண்களின் பெயரை அவர்களுடைய சொந்தப் பெயராகவே எழுத வேண்டும். 'இன்னார் சம்சாரம்', 'இன்னார் தாயார்' என்று மட்டும் எழுதிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அவர் பெயரே இல்லாமல் போய்விடும். கல்யாணமானாலும் பெண் தன் பெயரையும் தன் அத்தாவின் பெயரையும் இழக்காத மார்க்கம் நம்முடையது. பிறந்து சில நாளில் மவுத்தான பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. அவர்களை நினைவில் வைத்திருக்கும் தாய்மார்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

வேலையைத் தொடங்கும் முறை

இனி, இதைச் செய்ய விரும்பும் அன்பர்களுக்காக நாங்கள் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறோம்.

1. முதலில் பேச்சு, பிறகு அரிவாள். குடும்பத்தில் வயது முதிர்ந்தவர்களிடம் முதலில் கேளுங்கள். பெண்களிடம் அவசியம் கேளுங்கள். ஜனாஸாவுடன் போகாவிட்டாலும், எந்த மரத்தடி, எந்தப் பக்கம் என்று வீட்டில் பேசியதை அவர்களே நினைவில் வைத்திருப்பார்கள். குழி வெட்டியவர், மோதினார், பக்கத்து நிலத்துக்காரர் ஆகியோரையும் விடாதீர்கள். மாமன் மச்சான் என்று முறை சொல்லிப் பழகும் மதுரைச் சீமையில் அக்கம்பக்கத்தார் நம் துக்கத்துக்கு வராமல் இருந்ததில்லை.

2. முள்ளை வெட்டுங்கள், பிடுங்காதீர்கள். சீமைக் கருவையின் வேர் ஆழமாக ஓடியிருக்கும். அதை இயந்திரம் வைத்துப் பிடுங்கினால் கபுரு பிளந்து, எலும்பு வெளிப்படக்கூடும். மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்று ஹதீஸில் எச்சரிக்கை உள்ளது. தரை மட்டத்தில் அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க வெட்டி வருவதே நல்லது. தீ வைக்கவே கூடாது; கற்களும் வெடிக்கும். ஈரப்பசுமையான புல்லைத் தேவையின்றிப் பறிப்பதை ஹனஃபீ அறிஞர்கள் மக்ரூஹ் என்கிறார்கள். காய்ந்ததையும், இடையூறாக இருப்பதையும் அகற்றலாம்.

3. கபுரை அடையாளம் காணுங்கள். நம் நாட்டில் கிப்லா மேற்கில், சற்று வடக்கே சாய்ந்த திசையில் இருப்பதால் கபுருகள் ஏறத்தாழ வடக்குத் தெற்காக அமையும். தலை வடக்கே இருக்கும். அந்தப் போக்கில் நீண்ட மேடோ, நீண்ட பள்ளமோ, இரு முனையிலும் நட்ட கல்லோ இருந்தால் கவனியுங்கள். கல் இல்லையென்பதால் கபுரு இல்லை என்று எண்ணி மிதித்துவிடாதீர்கள். கபுரின்மீது உட்காருவதைவிட, ஆடையை எரித்துத் தோலைத் தொடும் நெருப்புக் கங்கின்மீது உட்காருவது மேல் என்று ஹதீஸில் வந்திருக்கிறது.

4. படம் வரையுங்கள். கிணற்றின் மூலை, சர்வே கல் போன்ற, எளிதில் நகராத இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு கபுரின் தலைமாட்டுக்கும் அந்த இரண்டிலிருந்தும் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். பின்னால் கல்லே காணாமற்போனாலும் இந்த இரண்டு அளவுகளைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மரத்தை மட்டும் அடையாளமாக நம்பாதீர்கள். நம் அன்பரின் வேப்பமரம் என்னவாயிற்று என்று பார்த்தோமல்லவா?

5. கல்லைப் படியுங்கள். மங்கிய எழுத்து நடுப்பகலில் தெரியாது. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது நிழல் கட்டி எழுத்து எழும்பி நிற்கும். ஒரு கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்சினாலும் தெரியும். சுத்தமான தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பிப் பிரஷ், ஆசிட், சுண்ணாம்புத் தூள் எதையும் பயன்படுத்தாதீர்கள். தெரிந்த எழுத்தை அப்படியே எழுதுங்கள். தெரியாத இடத்தைப் புள்ளியிட்டு விடுங்கள். அரபுத்தமிழில் இருந்தால் மதரஸா உஸ்தாதிடம் புகைப்படத்தைக் காட்டுங்கள்.

6. ஆண்டைச் சரி பாருங்கள். பழைய கற்களில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கும். அதை 97-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 622-ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும். உதாரணமாக ஹிஜ்ரி 1350 என்றால் 1309-உடன் 622, அதாவது 1931. அதே கல்லில் தமிழ் ஆண்டு பிரஜோத்பத்தி என்றிருந்தால் கணக்கு சரியாகிறது. தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் எச்சரிக்கை வேண்டும். அந்தப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பிரஜோத்பத்தி 1871-லும் வந்தது, 1931-லும் வந்தது, 1991-லும் வந்தது.

7. ஒரே பிரதியாக வைக்காதீர்கள். குடும்பத்தின் கிளைக்கு ஒன்று, ஜமாஅத் அலுவலகத்துக்கு ஒன்று, பள்ளிவாசல் கிதாபு அலமாரிக்கு ஒன்று என்று பிரதி எடுங்கள். கைப்பேசியில் எடுத்த படங்களை நம்பி எழுத்தை விட்டுவிடாதீர்கள். கைப்பேசி மாறும், நோட்டு நிற்கும்.

நிலம் யாருடையது?

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். கபுரைக் காப்பது மண்ணைக் காப்பதில்தான் முடியும்.

நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள். மதுரை வைகைக்கு வடகரையில் கோரிப்பாளையம் தர்கா இருக்கிறது. பாரசீகத்தில் 'கோர்' என்றால் கபுரு. அங்குள்ள 1573-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பள்ளிவாசலுக்குப் பாண்டிய மன்னர் விட்ட கிராமங்களைப் பற்றி எழுந்த வழக்கை வீரப்ப நாயக்கர் விசாரித்து, பழைய மானியம் செல்லும் என்று உறுதி செய்ததைக் கூறுகிறது. இந்து மன்னர் ஒருவர் கொடுத்ததை இன்னொரு இந்து மன்னர் உறுதி செய்தார். அதைக் கல்லில் வெட்டி வைத்ததால் நாம் இன்று அறிகிறோம்.

திருப்பரங்குன்றம் மலையைப் பற்றியும் 1920-ல் ஒரு வழக்கு மதுரை சப் கோர்ட்டில் தொடுக்கப்பட்டது. 1923-ல் தீர்ப்பாகி, மேல்முறையீடுகளுக்குப் பின் 1931-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் அது நிலைபெற்றது. பிறர் அனுபவத்தில் இல்லாத மலைப்பகுதி தேவஸ்தானத்துக்கு உரியது என்றும், நெல்லித்தோப்பு, அங்கிருந்து பள்ளிக்குச் செல்லும் படிகள், பள்ளியும் கொடிமரமும் நிற்கும் உச்சி ஆகியவை அதில் சேராமல் முஸ்லிம்களுக்கு உரியவை என்றும் வகுக்கப்பட்டது. மலையைப் பற்றிய வேறு வழக்குகளில் நுழைவது நம் நோக்கமன்று. எது யாருடைய அனுபவத்தில் இருந்தது என்று காட்ட முடிந்ததா என்பதைத்தான் கோர்ட்டு பார்த்தது என்ற ஒரு பாடமே நமக்குப் போதும்.

குடும்ப மையவாடிக்கு வருவோம். பலர் ஒரு தவறான எண்ணத்தில் இருக்கிறார்கள். சொந்த நிலத்தில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டால் அந்த நிலம் தானாகவே வக்ஃபாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஷரீஅத்தில் அப்படி இல்லை. உரிமையாளர் அதை மையவாடியாக வக்ஃபு செய்தால்தான் அது விற்கவும் வாரிசுப் பங்கு பிரிக்கவும் முடியாததாகிறது. வக்ஃபு செய்யாத நிலம் வாரிசுகளின் உடைமையாகவே தொடர்கிறது. அந்த வாரிசுகளில் ஒருவர் அறியாமலோ, அறிந்தோ விற்றுவிட்டால் கபுருகளும் சேர்ந்தே போகின்றன.

ஆகவே கிராம நிர்வாக அலுவலகத்தில் சர்வே நம்பரைச் சொல்லி, பட்டா, அ பதிவேடு, புலப்படம் மூன்றையும் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, பதிவேட்டில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று போட்டு, மையவாடிப் பகுதி எந்தக் கிரயத்திலாவது சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். தமிழ்நாடு வக்ஃபு வாரியத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

2025-ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்துக்குப் பிறகு இந்த விஷயத்தில் அசட்டைக்கு இடமே இல்லை. நீண்டகாலப் பயன்பாட்டினாலேயே வக்ஃபு என்று சொல்லும் வழியை அச்சட்டம் இனிவரும் காலத்துக்கு எடுத்துவிட்டது. ஏற்கெனவே பதிவானவை, தகராறிலோ அரசு நிலம் என்ற பிரச்சினையிலோ இல்லாதவரை, தொடரும். புதிதாக வக்ஃபு செய்ய வேண்டுமானால் எழுத்து மூலமான பத்திரம் வேண்டும். அச்சட்டத்தின் சில பிரிவுகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. ஆனாலும் பத்திரமும் பதிவும் தேவை என்பது நிற்கிறது. எனவே விவரம் தெரிந்த வழக்கறிஞரைக் கலந்து செய்யுங்கள்.

பத்திரம் எழுதும்போது எல்லா வாரிசுகளும் சம்மதிக்க வேண்டும். எல்லா வாரிசுகளும் என்றால் சகோதரிகளும்தான். கட்டிக்கொடுத்து வெளியூர் போன அக்கா தங்கைக்கு அந்த ஏழெட்டு சென்ட்டிலும் ஃபராயிள் பங்கு உண்டு. அவர்களைக் கேட்காமல் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு வக்ஃபு செய்வது, பிறர் பொருளை எடுத்து ஸதக்கா செய்வது போல ஆகும்.

வினா - விடை

இந்த வேலையின்போது எங்களிடம் கேட்கப்பட்ட சில கேள்விகளையும் ஹஜ்ரத் அவர்கள் அளித்த பதில்களையும் கீழே தருகிறோம்.

வினா: இடம் போதாதபோது பழைய கபுரில் மறுபடியும் அடக்கலாமா?

விடை: முந்தைய மையித் முழுவதும் மண்ணாகிவிட்டது என்று அந்த மண்ணின் தன்மையை அறிந்தவர்கள் கூறினால் அடக்கலாம். அதற்கு முன் தோண்டுவது ஹராம். தோண்டும்போது எலும்பு கிடைத்தால் அதைக் கண்ணியத்துடன் அங்கேயே மூடிவிட வேண்டும். முன்பு இருந்தவரின் பெயரைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கக் கூடாது. அதே எண்ணில் இருவர் பெயரும் இருக்கட்டும்.

வினா: குடும்ப மையவாடியில் இப்போதும் புதிதாக அடக்கம் செய்யலாமா?

விடை: மார்க்கத்தில் தடையில்லை. ஆனால் கிராமங்களில் அடக்கத் தலங்களுக்கென 1999-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. அனுமதி பெறாத இடத்தில் அடக்கினால் மையித்தை வைத்துக்கொண்டு தகராறு வரும். முன்கூட்டியே பஞ்சாயத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். சந்தேகம் இருந்தால் ஜமாஅத் மையவாடியே நல்லது.

வினா: மையவாடிக்குள் செருப்புடன் போகலாமா?

விடை: கபுருகளுக்கிடையே செருப்புடன் நடந்த ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் கழற்றச் சொன்னதாக ஹதீஸ் உண்டு. ஹனஃபீ மத்ஹபில் இதில் இடம் உண்டு என்றாலும் கழற்றுவதே அதபு. முள் வெட்டும் நாளில் காலுக்குப் பாதுகாப்பு அவசியம் என்பதால் போட்டுக்கொள்ளலாம். கபுரின்மீது மட்டும் மிதிக்கக் கூடாது.

வினா: வேறு ஒருவர் மையவாடியைச் சேதப்படுத்தினால் என்ன செய்வது?

விடை: வாய்ச்சண்டைக்குப் போகாமல் ஜமாஅத் மூலம் எழுத்தில் புகார் கொடுங்கள். அடக்கத் தலத்தில் அத்துமீறி நுழைந்து அவமதிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 301-ஆம் பிரிவில் குற்றம். இந்தப் பாதுகாப்பு எல்லா மதத்தாரின் அடக்கத் தலங்களுக்கும் உரியது. புகாருடன் சேர்க்க உங்கள் படமும் குறிப்பேடும் அப்போது கைகொடுக்கும்.

முடிவாக

நம் அன்பரின் குடும்ப மையவாடியில் முப்பதுக்கும் மேற்பட்ட கபுருகளை எண்ணினோம். பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குப் பெயர் கிடைத்தது. மதுரை டவுனில் இருக்கும் அவருடைய பெரியம்மாவைக் கேட்டபோது, 'வேப்பமரத்துக்குக் கிழக்கே' என்று அந்த ஆட்டுக்காரப் பெரியவர் சொன்னதையே அவர்களும் சொன்னார்கள். ஆனால் இரண்டில் எது என்பது அவர்களுக்கும் தெரியவில்லை. ஆகவே குறிப்பேட்டில் 14, 15 ஆகிய எண்களுக்கு எதிரே, நன்னிமாவின் பெயரையும் அவர்களுடைய அத்தாவின் பெயரையும் எழுதி, 'இவ்விரண்டில் ஒன்று' என்று குறித்தோம். இடம் இரண்டாம் படி; கபுரு மூன்றாம் படி.

அன்பர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பரவாயில்லை. ஒருவருக்குச் சொல்ல வந்த ஸலாமை இருவருக்குச் சொல்கிறேன். அந்த இன்னொருவருக்கும் யாராவது வேண்டுமல்லவா?" என்றார்.

நிலத்தை விற்கும் பேச்சில் மையவாடி மூலையைத் தனியே ஒதுக்க அண்ணன் தம்பிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சகோதரிகளில் இருவர் சம்மதித்துவிட்டார்கள். ஒருவரின் கையெழுத்து இன்னும் வர வேண்டும். அது வந்து பத்திரம் பதிவாகும்வரை இந்த வேலை முடிந்ததாக நாங்கள் எண்ணவில்லை.

வாசக அன்பர்களே! அடுத்த ஜும்ஆவுக்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டில் வயதான ஒருவரின் அருகில் உட்கார்ந்து, "நம்மவர்களில் யார் யார் எங்கே அடங்கியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதுங்கள். இன்று நாம் பிறருடைய பெயரை எழுதுகிறோம். நாளை நம் பெயரையும் யாராவது எழுத வேண்டும்.

நம் முன்னோர்களின் கபுருகளை அல்லாஹுதஆலா ஒளிமயமாக்கி, பெயர் தெரிந்தவர்களையும் பெயர் தெரியாதவர்களையும் தன் ரஹ்மத்தால் போர்த்தி, அவர்களுக்கான நம் கடமையை நிறைவேற்ற நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.